தகிரோனியின் இகரம்

நுக்சார் எசெபுவா இறந்துவிட்டார் என்னும் செய்தி தகிரோனிக்கு வந்து சேர்ந்த காலையில், அவர் உலுக்கிச் சேர்த்த ஹேசல் கொட்டைகள் அவர் வீட்டு முற்றத்தில் தார்ப்பாயின்மேல் காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் ஆகஸ்டு மாதத்து வெயிலை நம்ப முடியாது. கடல் இருக்கும் திசையில் கையகல மேகம் ஒன்று தோன்றினால், அரைமணி நேரத்தில் முற்றம் குளமாகிவிடும். அன்று காலையும் அப்படியொரு மேகம் தோன்றியிருந்தது. ஆகவே செய்தி கேட்டு ஓடிவந்த அண்டை வீட்டார் முதலில் கொட்டையை வாரி மூட்டை கட்டினார்கள். அதன் பிறகே அழுதார்கள். இறந்தவரின் தமக்கை சிசினோ மட்டும் இரண்டையும் சேர்த்தே செய்தாள். சாக்கின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டே ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"டேய் நுக்சார், பாதி மரம் உலுக்காம நிக்குதேடா! நாத்தப்பூச்சி தின்னது போக மிச்சத்தை இனி எவன்டா உலுக்குவான்? உன் தம்பியா? அவன் மரத்தடியில படுத்துத் தூங்கத்தானேடா லாயக்கு!"

தம்பி பிச்சிகோ அப்போது துக்க விருந்துக்கான பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடத்திலிருந்து தோளில் சுமந்து கொண்டுவந்துகொண்டிருந்தான். "அக்கா, ஒப்பாரியில என்னை ஏன் இழுக்கிற? நான் உயிரோடதான இருக்கேன்" என்றான். அழுதுகொண்டிருந்த பெண்களில் இருவர் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டனர்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மரத்தடியில் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த நுக்சார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டார். எங்கள் பக்கத்து மருத்துவமனையில் இதயத்துக்கு மருத்துவர் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சுக்திதிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மனைவி லமாரா உடன் சென்றாள். பாலத்தின் மேல் ஆம்புலன்ஸைக் காவலர்கள் நிறுத்தவில்லை. தடுப்புக் கம்பத்தைத் தூக்கி வழிவிட்டார்கள். மறுநாள் விடியலில் அக்கரை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

இனி அவரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊரில் ஒருவனைப் பெற்றோரின் காலடியில் அடக்கம் செய்யாவிட்டால், அவனை அடக்கம் செய்ததாகவே கருதுவதில்லை. முந்நூறு பேருக்குப் பீன்ஸ் ஊறப்போட்டாயிற்று. ஆற்றுமீன் சொல்லியாயிற்று. கோமிக் களிக்கு மக்காச்சோள மாவு அரைத்தாயிற்று. பிச்சிகோ, அண்ணன் புதைத்து வைத்திருந்த திராட்சை மது ஜாடியின் மூடியையும் திறந்துவிட்டான். திறந்த ஜாடி மூன்று நாள் தாங்கும்; ஆகஸ்டு வெயிலில் மனித உடலும் ஏறக்குறைய அவ்வளவே தாங்கும்.

எங்கள் ஊரின் சட்ட நிலைமை இன்னது என்று ஐயமறச் சொல்ல வல்லவர் எங்கள் ஊரில் ஒருவரும் இலர். போருக்குப் பிறகு, ஆற்றுக்கு இக்கரையை ஆள்பவர்கள் இதனைத் தனிநாடு என்கிறார்கள். அக்கரையை ஆள்பவர்கள், இது தம் நாட்டின் பிரிக்க முடியாத பகுதி என்கிறார்கள். உலகத்து நாடுகளில் ஏறத்தாழ எல்லாமே அக்கரையின் சொல்லை ஏற்றுக்கொண்டுள்ளன. ஆனால் பாலத்தின் மேல் துப்பாக்கியுடன் நிற்பது உலகம் அன்று. இந்த வழக்கு முழுவதும் எங்கள் மக்களின் வாயில் ஓர் எழுத்தாக வந்து நின்றது. அக்கரை மொழியில் ஊர்ப்பெயர்கள் இகரத்தில் முடியும். இக்கரையார் அந்த இகரத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். சுகுமி சுகும் ஆயிற்று. எங்குரி ஆறு இங்குர் ஆயிற்று. எங்கள் தகிரோனி தகிரோன் ஆயிற்று. அக்கரை அலுவலகத்தில் இகரம் இல்லாமல் பேசினால் துரோகி. இக்கரை அலுவலகத்தில் இகரத்தோடு பேசினால் பகைவன். பாலத்தின் நடுவில் எச்சில் விழுங்குவதுபோல் அந்த எழுத்தை விழுங்கிக்கொள்ள எங்கள் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே பழகிவிடுகின்றன. லமாராவும் முப்பது ஆண்டுகளாக விழுங்கியவள்தான்.

புதன்கிழமை நண்பகலில் சவப்பெட்டியை ஏற்றிய வேன் பாலத்தைக் கடந்து இக்கரைக் காவல் கூண்டுக்கு வந்தது. கேப்டன் அஷுபா இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும்; நன்றாக மழித்த முகம்; பேச்சில் மரியாதை குறையாதவர்.

"அம்மா, இதுல 'பிறந்த ஊர் தகிரோனி'ன்னு போட்டிருக்கு."

"ஆமா தம்பி. அங்கதான் பிறந்தாரு. அங்கதான் கொண்டு போறோம்."

"எங்க நாட்டுல அப்படி ஒரு ஊர் இல்லையே."

லமாரா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "மூணே கிலோமீட்டர் தம்பி. இங்க இருந்து ஊர் மாதாகோவில் மரம் தெரியும். எட்டிப் பாரு."

"மரம் தெரியுதும்மா. ஊர்தான் தெரியல. இந்தப் பேப்பரே இங்க செல்லாது. அந்தப் பக்கத்து அரசாங்க முத்திரையை நான் பார்க்காத மாதிரி இருந்துக்கலாம்; செத்தவருக்காக அதைச் செய்யறேன். ஆனா பெயரை எப்படிப் பார்க்காம இருக்கிறது? இந்தப் பேப்பரை வாங்கிப் பதிஞ்சா, அந்தப் பேர்ல ஊர் இருக்குன்னு என் அரசாங்கமே ஒத்துக்கிட்டதா ஆயிடும். தகிரோன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடறேன்."

"போகும்போது ஒரு பேப்பரும் கேக்கலையே நீங்க?"

"போறதுக்குப் பேப்பர் வேண்டாம்மா" என்றார் கேப்டன்.

வேன் திரும்பிற்று. வேனோட்டி, பெட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி வாங்கி அடுக்கினான். லமாரா சுக்திதியில் பதிவு அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கிருந்த எழுத்தர் பெண்மணி எழுந்து வந்து லமாராவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"உங்க துன்பம் எனக்கு வரட்டும்மா!"

எங்கள் மொழியில் இதனை எல்லோரும் எல்லோரிடமும் சொல்வார்கள். உப்புக் கடன் கேட்கும்போதுகூடச் சொல்வார்கள்.

"துன்பம் எனக்கே இருக்கட்டும்மா. நீ ஓர் எழுத்தை மட்டும் எடுத்துக்க" என்றாள் லமாரா.

விவரத்தைக் கேட்டதும் எழுத்தரின் கைகள் நழுவின. "அது முடியாதும்மா. அது நம்ம ஊரு. நம்ம நாட்டு ஊரு. நானே தகிரோன்னு எழுதிக் கொடுத்தா, அவங்க பிரிஞ்சு போனதை நானே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட மாதிரி. சட்டத்துல அதுக்கு ஜெயில்."

"நீ ஒத்துக்கிட்டா பிரிஞ்சு போயிடுமா? ஒத்துக்காட்டி வந்து ஒட்டிக்குமா?"

"என்ன பேசறீங்க! நாங்க உங்களை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டோம்."

"முப்பது வருஷமா நீங்க விட்டுக்கொடுக்கல. அவங்களும் விட்டுக்கொடுக்கல. இப்ப என் புருஷன் ஐஸ்ல கிடக்கான்."

எழுத்தர் அழுதாள். மெய்யாகவே அழுதாள். ஆனால் எழுதவில்லை. வேண்டுமானால் அக்கரையிலேயே நல்ல இடமாகப் பார்த்து அடக்கம் செய்ய ஏற்பாடு செய்வதாகவும், ஊர்விட்டு வந்தவர்களுக்கென்று தனிக் கல்லறைத் தோட்டம் இருப்பதாகவும் சொன்னாள். லமாரா அந்தச் சான்றிதழை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை பிச்சிகோ அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். லமாராவின் மகள் சுக்திதியில்தான் கணவனுடன் இருக்கிறாள். தையல் வேலை செய்கிறாள். அவள் வீட்டு மேசையில் சான்றிதழை விரித்து வைத்து, பிச்சிகோ நெடுநேரம் பார்த்தான்.

"இதுக்கா அண்ணி ரெண்டு நாளா அலையறீங்க? தூண்டில் முள்ளு மாதிரி இத்தனூண்டு எழுத்து. சவர பிளேடு இருக்கா?"

"வேண்டாம்டா."

"அண்ணி, நம்ம வாயில இருந்து இதைச் சுரண்டித்தானே வாழறோம்? பேப்பர்ல இருந்து சுரண்டினா என்ன?"

இத்தகைய யோசனை உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனுக்கும் தோன்றியிராது. ஊர்ப்பெயர் ஓர் எழுத்துக் குறைந்தால் வேறு நாட்டுப் பெயராகிவிடும் என்பதை உண்டு வளர்ந்தவனுக்கே அது தோன்றும். பிச்சிகோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளேட்டின் முனையால் தாளைத் தடவித் தடவி அந்த எழுத்தை நீக்கினான். நகத்தால் வழுவழுப்பாக்கினான். மெய்யாகவே நேர்த்தியான வேலை. கொட்டையின் தோலை உரிக்கும் பொறுமைகூட இல்லாதவன் என்று தமக்கையிடம் பெயரெடுத்தவன், அண்ணனுக்காக அவ்வளவு பொறுமையாக இருந்தான்.

காவல் கூண்டில் கேப்டன் அஷுபா தாளை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். எழுத்து இருந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது.

"இதை யார் செஞ்சது?"

"நீங்க சொன்னபடி இருக்கா இல்லையா?" என்றான் பிச்சிகோ. "தகிரோன். படிச்சுப் பாருங்க."

"இது போலி ஆவணம்."

"நேத்து இந்தப் பேப்பரே செல்லாதுன்னீங்களே கேப்டன்! செல்லாத பேப்பர்ல போலி எப்படி வரும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. கேப்டனின் முகம் சிவந்தது. சான்றிதழ் பறிமுதல் செய்யப்பட்டது. பாலத்தைக் கடக்கப் பிச்சிகோ வைத்திருந்த அனுமதிச் சீட்டில் குறுக்குக் கோடு போட்டு, அவனை இக்கரைக்குள் தள்ளி, இனி ஓராண்டுக்குப் பாலத்தில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். அண்ணனுடைய பெட்டி பாலத்தின் அந்த முனையில் நிற்க, அவன் இந்த முனையிலிருந்து ஊருக்கு நடந்தான். வீட்டில் பீன்ஸ் புளித்துப் போயிருந்தது. சிசினோ அதனைப் பன்றிக்குக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் நாள். பனிக்கட்டி வைத்த ஒரு மணி நேரத்திலேயே நீராகிப் பெட்டியின் அடியிலிருந்து சொட்டிற்று. வேனோட்டி லமாராவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்குப் பொழுதுக்குள்ள அடக்கம் செய்யணும். இதுக்கு மேல அவருக்கு அவமானம்."

"எனக்கும் தெரியும் ஐயா" என்றாள் லமாரா.

அவள் மகளின் தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு வெள்ளை நூற்கண்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றும் ஐந்நூறு மீட்டர். பாலம் தொள்ளாயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிறகு நாத்தனாருக்குத் தொலைபேசினாள்.

"அக்கா, உடம்பை விட மாட்டாங்க. இங்கயே வைக்கிறேன். நீங்க பாலத்தடிக்கு வாங்க. நூல் கொண்டு வரேன்."

 "பட்டு நூலாடி?" என்றாள் சிசினோ.

"பட்டுக்கு எங்க போவேன்? தையல் நூல்தான்."

"பரவாயில்ல. அவன் என்னைக்குப் பட்டு உடுத்தினான்?"

ஒருவன் ஆற்றுக்கு அப்பால் இறந்தால், நீரைத் தாண்ட அவனுடைய உயிருக்கு வழி தெரியாது. இறந்தவன் விரலில் நூலின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை ஆற்றைக் கடந்து கொண்டுவந்து உடன்பிறந்தவள் கையில் கொடுக்க வேண்டும். உயிர் நூலைப் பற்றிக்கொண்டு வரும். கொண்டுவருபவர் வழியெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே வரவேண்டும். நூலை ஒருவரும் தாண்டக் கூடாது. குனிந்து அடியில் நுழைந்துதான் போகவேண்டும். எங்கள் மக்களுக்கும், எங்களை ஆள்பவர்களின் மக்களுக்கும் பொதுவாக எஞ்சியிருக்கும் வழக்கங்களுள் இதுவும் ஒன்று.

பாலத்தின் அக்கரை முனையில் நின்ற வேனில் பெட்டியைத் திறந்து கணவனின் வலக்கை ஆள்காட்டி விரலில் லமாரா முடிச்சிட்டாள். கொட்டைத் தோலின் கறை அந்த விரலில் இன்னும் போகாமல் இருந்தது. அக்கரைக் காவலர் தொப்பியைக் கழற்றி வழிவிட்டார். அவள் பாலத்தின்மேல் நடக்கத் தொடங்கினாள். "நுக்சார், இது பாலம். நுக்சார், கீழ தண்ணி, பயப்படாத. நுக்சார், லாரி வருது, ஓரமா வா." சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் தம் பைகளைக் கீழே வைத்துவிட்டு, நூல் தரையில் படாதபடி ஆளுக்கொரு கையால் தூக்கிப் பிடித்தார்கள். குதிரைவண்டிக்காரன் குதிரையை நிறுத்தினான். முதல் கண்டு தீர்ந்தபோது, வரிசையில் நின்ற ஒருத்தி இரண்டாம் கண்டின் முனையை எடுத்து முடிச்சிட்டுக் கொடுத்தாள்.

காவல் கூண்டை அடைந்தபோது கேப்டன் அஷுபா சாலையின் மறுஓரத்திலிருந்து வேகமாக வந்தார். நூல் அவருடைய மார்புக்கு நேரே குறுக்கே கிடந்தது. அவர் நிற்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, அதன் அடியில் நுழைந்து இப்பால் வந்து நிமிர்ந்தார். நிமிர்ந்த பிறகே தாம் செய்ததை உணர்ந்தவர்போல் விழித்தார்.

"தெரியும்ல உனக்கு?" என்றாள் லமாரா. "இது என்னன்னு நல்லாத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"உங்க வீட்டுலயும் யாருக்கோ பிடிச்சிருக்கீங்க."

"எங்க அம்மாவுக்கு" என்றார் கேப்டன். குரலைத் தாழ்த்தினார். "உங்க சீட்டு சரியா இருக்கு. நூல் தடை செஞ்ச பொருள் இல்ல. நான் உங்களை நிறுத்தலம்மா. ஆனா கேமரா பார்க்குது. வழக்கமாக் கேட்கிற கேள்வியை நான் கேட்டாகணும். எங்க போறீங்க?"

"தகிரோனிக்கு."

கேப்டன் கண்ணை மூடித் திறந்தார். "சரியாச் சொல்லுங்க."

"சரியாத்தான் சொன்னேன்."

"அம்மா, எத்தனை தடவை இந்தக் கூண்டைத் தாண்டிருப்பீங்க? எத்தனை தடவை சரியாச் சொல்லியிருக்கீங்க? ஒரே ஓர் எழுத்து. இன்னைக்கும் முழுங்கிடுங்க. நூலோட வீட்டுக்குப் போங்க. கெஞ்சிக் கேட்கிறேன்."

அவர் கெஞ்சியது பொய்யன்று. அதுவே லமாராவின் சினத்தை மூட்டிற்று. கொடியவன் ஒருவன் நின்றிருந்தால் அவள் ஒருவேளை விழுங்கியிருப்பாள். கொடியவர்களிடம் விழுங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

"கேப்டன், எனக்காகன்னா முழுங்குவேன். அரிசிக்கு முழுங்கினேன், மருந்துக்கு முழுங்கினேன், என் பொண்ணு கல்யாணத்துக்குப் போக முழுங்கினேன். இப்ப நான் உன்கிட்ட பேசிட்டு இருக்கேன்னு நினைச்சியா? நான் அவர்கிட்ட பேசிட்டு வரேன். நூலைப் பிடிச்சிட்டு நிக்கிறாரு. எங்க போறோம்னு கேக்குறாரு. தகிரோன்னு சொன்னா அது எந்த ஊருன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அப்படி ஒரு ஊரை அவர் பார்த்ததே இல்ல. வழி தெரியாம இந்தத் தண்ணி மேலயே நிப்பாரு. உன் அம்மாவுக்கு நூல் பிடிச்சப்ப ஊர்ப் பேரை மாத்திச் சொன்னியா நீ? சொல்லு! மாத்திச் சொன்னியா?"

கேப்டன் கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை அப்படிச் சொன்னா சீட்டை ரத்து செய்யணும்" என்றார் கேப்டன். "வீடு இந்தப் பக்கம் இருக்கு உங்களுக்கு. தோட்டம் இருக்கு. திரும்ப வரவே முடியாது. யோசிங்க."

லமாரா யோசித்தாள். உலுக்காத மரங்களைப் பற்றியும், இருபது ஆண்டுகளாகத் தானும் நுக்சாரும் சேர்ந்து வெள்ளையடித்த வீட்டைப் பற்றியும் அவள் யோசித்திருக்கக் கூடும். பிறகு தடுப்புக் கம்பத்துக்கு அப்பால் நின்றுகொண்டிருந்த சிசினோவைப் பார்த்து, கம்பத்தின் இருபுறமும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"நுக்சார், அதோ உன் அக்கா நிக்கிறா. அவ பின்னாலயே போ. நாம தகிரோனிக்குப் போறோம். த-கி-ரோ-னி!"

கேப்டன் கையை நீட்டினார். அவள் சீட்டைக் கொடுத்தாள். அவர் அதில் முத்திரை குத்தி, இரண்டாகக் கிழித்தார். கிழிக்கும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. சட்டப்படி அவர் தடுத்தது லமாராவை மட்டுமே. நூற்கண்டோ, கூண்டைத் தாண்டி அப்போதுதான் சோதனை முடித்திருந்த ஒரு வெங்காயக்காரியின் கைக்கு எப்போதோ மாறிவிட்டிருந்தது. வெங்காயக்காரி அதனைக் கம்பத்துக்கு அப்பால் சிசினோவிடம் கொடுத்தாள்.

"வாடா தம்பி" என்றாள் சிசினோ. அழவில்லை. "பீன்ஸ் வெந்துடுச்சு. வா."

லமாரா வந்த வழியே திரும்பி, நூலின் பக்கமாகவே நடந்து, வேனை அடைந்தாள். பெட்டிக்குள் குனிந்து, கணவனின் விரலில் இருந்த முடிச்சுக்கு அருகில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போங்க ஐயா" என்று வேனோட்டியிடம் சொன்னாள். வேன் அக்கரையின் கல்லறைத் தோட்டத்தை நோக்கிச் சென்றது.

இக்கரையில் சிசினோ நூலைச் சுற்றத் தொடங்கினாள். தூக்கிப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தாழ்த்தினார்கள். அறுபட்ட முனை பாலத்தின் தார்மேல் நெளிந்து நெளிந்து வந்தது. கூண்டைத் தாண்டும்போது கேப்டன் அஷுபாவின் பூட்ஸின்மேல் ஏறிற்று. அவர் அது போய் முடியும்வரை காலை அசைக்காமல் நின்றார். பிறகு மேசைக்குத் திரும்பி, வரிசையில் அடுத்து நின்றவனைக் கேட்டார்.

"எங்க போறே?"

அவன் எங்கள் ஊர்க்காரன்தான். நூலை இருநூறு மீட்டர் தூரம் கையில் தாங்கிப் பிடித்தவன். அவன் சிசினோ போகும் திசையைப் பார்த்தான். கிழிந்து கிடந்த சீட்டைப் பார்த்தான். பையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"தகிரோன்" என்றான்.